கைதட்டில் தொடங்குங்கள்: அழ. வள்ளியப்பாவும் தரம் 2 பிள்ளைகளும்

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ரீச்சர் ஒருவரின் கேள்வி இது: "ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு சிறுவர் எழுத்தாளரை அறிமுகம் செய்யவேண்டும். தரம் 2க்கு அழ. வள்ளியப்பா. அவர் யார், எந்தப் பாட்டை எடுக்கலாம், எப்படிப் பழக்கலாம்? மாம்பழப் பாட்டில் வரும் மல்கோவா, சேலம் எல்லாம் எங்கட பிள்ளைகளுக்குத் தெரியாதே, மாற்றிப் பாடலாமா?"

கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். மாற்றலாம், ஆனால் பாட்டை எந்த மூட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான். அந்த மூட்டைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பிடிப்பது சுலபம். அதற்கு முதலில் கைதட்டு வேண்டும், எழுத்து பிறகு வந்தால் போதும். கீழே எழுதியதில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதுதான்.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடுங்கள். பலகையில் "அழ. வள்ளியப்பா" என்று எழுதியவுடன் ஒரு பிள்ளையாவது "ஏன் ரீச்சர் அழ?" என்று கேட்கும், வகுப்பே சிரிக்கும். அது அழுகை இல்லை. தகப்பன் பெயர் அழகப்பன். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) குடும்பங்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிற்காமல் இரண்டு எழுத்தை முன்னே போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம்மிடம் ஓர் எழுத்தோடு முடிகிறது, அவர்களிடம் இரண்டு. புள்ளியை மறக்காமல் போட்டால் குழப்பம் பாதி குறையும். பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்ல வைத்தால் ழகரப் பயிற்சியும் அதிலேயே தொடங்கிவிடும்.

பிறந்தது 1922 நவம்பர் 7, புதுக்கோட்டைச் சீமையில் இராயவரம் என்ற ஊர். 1940 வாக்கில் வேலை தேடிச் சென்னைக்குப் போய், வை. கோவிந்தன் நடத்திய சக்தி அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் தி. ஜ. ரங்கநாதன். அவர் கொடுத்த ஊக்கத்தில் எழுதிய முதல் கதையின் பெயர் 'ஆளுக்குப் பாதி'. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லட்டுப் பாட்டுக்கு வரும்போது பயன்படும். 1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தவர் 1982 வரை அங்கேயே வேலை பார்த்தார். பாட்டெழுதிப் பிழைத்தவர் அல்லர். பகலில் வங்கிக் கணக்கு, மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்கான எழுத்து என்று நாற்பது வருடம் ஓடியது. அவருடைய பாட்டுகளில் எண்ணும் பங்கும் மிச்சமும் அடிக்கடி வருவதற்கு அந்த மேசையும் ஒரு காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1944இல் 23 பாட்டுகளோடு 'மலரும் உள்ளம்' வந்தது. பிற்பாடு அதே பெயரில் பெரிய தொகுதிகளாக வளர்ந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்குவதில் முன்நின்றார். பிள்ளைகளுக்கு எழுதுகிறவன் பெரியவர்களுக்கு எழுதத் தெரியாதவன் என்று எண்ணிய காலத்தில், எழுதுகிறவர்களை ஒன்றுசேர்த்து மாநாடு கூட்டி, யார் யார் எழுதுகிறார்கள் என்று பெயர்த்திரட்டும் போட்டார். பாட்டுக்குச் சமமான வேலையாக இதையும் சொல்லவேண்டும். 'பூஞ்சோலை' போன்ற சிறுவர் இதழ்களைப் பார்த்துக்கொண்டதும், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 'கோகுலம்' ஆசிரியராக இருந்ததும் இதே வரிசையில் வரும். இரண்டாயிரத்துக்கு மேல் பாட்டுகள். 1989 மார்ச் 16இல் காலமானார். தரம் 2 பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். ஊர், வங்கி, பாட்டு என்ற மூன்று சொல் போதும். மேலே உள்ளது காலைக்கூட்டத்தில் பேசுகிறவருக்கு.

பாட்டுக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. சிறுவர் பாட்டு என்றாலே வள்ளியப்பா என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. 'நிலா நிலா ஓடி வா'வும் 'கைவீசம்மா கைவீசு'வும் நாட்டார் பாட்டுகள், எழுதியவர் பெயர் கிடையாது. வெள்ளைப் பசு தோட்டத்தில் மேய்வது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாட்டில். பாப்பாவை ஓடி விளையாடச் சொன்னவர் பாரதியார். ஆடிப்பிறப்புக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் சொந்தக்காரர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர், அவர் நம் நாட்டவர். சுவரில் ஒட்டும் தாளில் இவர்களில் ஒருவரின் பாட்டை வள்ளியப்பா பெயரில் போட்டுவிட்டால், பார்க்க வரும் அதிகாரியில் ஒருவராவது கண்டுபிடிப்பார். சந்தேகமான பாட்டை விட்டுவிடுங்கள். சந்தேகமில்லாத மூன்று போதும்: நாய்க்குட்டி, மாம்பழம், லட்டு. அந்த வரிசையிலேயே எடுங்கள், சுலபத்திலிருந்து கடினத்துக்குப் போகும்.

நாய்க்குட்டிப் பாட்டை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அதன் கட்டு வெளியே தெரியும். முதல் ஆறு அடியும் 'நாய்க்குட்டி' என்றே முடிகிறது. ஆகவே பிள்ளை மனனம் செய்யவேண்டியது அடியின் முற்பாதியை மட்டும். அந்த முற்பாதிகளைச் சோடி சோடியாகப் பாருங்கள். தோ தோ என்று ஒரு அடி தொடங்கினால் அடுத்தது துள்ளி. உன்னை என்றால் அடுத்தது ஓடி. கோபம் என்றால் குதித்து. கழுத்தில் என்றால் கறியும். இரவில் என்றால் எங்கள். ஒரு சோடிகூடத் தவறவில்லை. அடிகளின் முதலெழுத்து இப்படி ஒத்துவருவதற்குத் தமிழில் மோனை என்று பெயர். ஒரே எழுத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை, உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம். அதனால்தான் 'தோ'வுக்குத் 'து' துணையாகிறது, 'இ'வுக்கு 'எ' துணையாகிறது. பிள்ளைக்கு இந்த இலக்கணம் தேவையில்லை. ஆனால் காது இதைப் பிடித்துக்கொள்கிறது. முதலடியின் முதல் எழுத்தைக் கேட்டதும் இரண்டாமடியின் முதல் சொல் தானாக வாயில் வந்துவிடும். வள்ளியப்பா பாட்டு சுலபமாக மனதில் நிற்பதன் இரகசியத்தில் பெரிய பங்கு இதற்குத்தான்.

கைதட்டு இப்படி. அடிக்கு நாலு தட்டு: தோ, தோ, நாய்க், குட்டி. அடுத்த அடி: துள்ளி, வாவா, நாய்க், குட்டி. முதலடியில் எழுத்து குறைவு, இரண்டாமடியில் கூட. பிள்ளைகள் முதலடியைக் கெதியாகச் சொல்லி முடித்துவிட்டு இரண்டாமடிக்குள் விழுவார்கள், தட்டு மூன்றாகிவிடும், வகுப்பின் பின்வரிசை ஒரு தட்டு பிந்தும். அதைத் திருத்த ஒரே வழி, ஒவ்வொரு 'தோ'வையும் ஒரு முழுத் தட்டுக்கு நீட்டுவது. கூப்பிடும் குரல் என்பதால் நீட்டினால் இயல்பாகவே இருக்கும். நம் ஊரில் நாயை அழைக்கும் ஒலி வேறாக இருந்தால், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, "இந்தக் கவிஞரின் ஊரில் தோ தோ என்று கூப்பிடுவார்கள்" என்று சொன்னால் போதும். ஒலியை மாற்றிப் பாட வேண்டாம், மாற்றினால் 'துள்ளி' அநாதையாகிவிடும்.

இந்தப் பாட்டில் 'கறியும் சோறும்' என்று ஓர் இடம் வரும். தமிழ்நாட்டுப் பேச்சில் கறி என்றால் பெரும்பாலும் இறைச்சி. நமக்குப் பருப்பும் கறி, பூசணியும் கறி. பிள்ளைகள் கத்தரிக்காய்க் கறியைக் கற்பனை செய்துகொண்டு பாடினாலும் பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று: அம்பாறைக் கரையோரத்தில், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் கூட இருக்கலாம். அங்கே இதைத் தவிர்த்து மாம்பழத்திலிருந்து தொடங்குவது நல்லது. நாய்க்குப் பதில் பூனையைப் போடலாமே என்று தோன்றும். 'பூனைக்குட்டி' தாளத்துக்குச் சரியாகவே உட்காரும். ஆனால் வீட்டைக் காக்கும் கடைசி அடி பூனைக்குப் பொருந்தாது, பிள்ளைகளே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது மாம்பழம். உங்கள் கேள்வி இங்கேதான் கடிக்கிறது. மல்கோவா ஒரு மாம்பழ இனம், சேலம் மாம்பழத்துக்குப் பேர்போன தமிழ்நாட்டு ஊர். நம் சந்தையில் கிடைப்பது விலாட்டு, கறுத்தக்கொழும்பான், அம்பலவி. "மல்கோவா"வைத் தூக்கிவிட்டு "விலாட்டு" போட்டுப் பாடிப் பாருங்கள், நொண்டும். இரண்டு காரணம். ஒன்று, மல்கோவாவின் 'ம' முதலடி 'மாம்பழமாம்' உடன் மோனை. மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம் என்பது விதி, ஆனால் 'மா'வுக்கு 'வ', 'வா', 'வை' போன்றவை வந்தால்தான் பொருந்தும், 'வி' பொருந்தாது. இரண்டு, மல்கோவா என்ற சொல்லில் நீளம் இருக்கிறது, இரண்டு தட்டை நிரப்பும். விலாட்டு இரண்டாம் தட்டுக்கு முன்னமே தீர்ந்துவிடும். கறுத்தக்கொழும்பானுக்கு எதிர்ப்பக்கத்து நோய்: இரண்டு தட்டுக்குள் திணிக்கவேண்டும், நாக்கு தடுக்கும், மோனையும் இல்லை.

சேலத்தை எடுப்பது இன்னும் மோசம். அதற்கு அடுத்த அடி 'தித்திக்கும்' என்று தொடங்குகிறது. சேலத்துக்கும் தித்திக்கும் என்பதற்கும் ஒற்றுமை ஒன்றுமில்லையே என்று தோன்றும். ஆனால் சகரமும் தகரமும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும் இனம், அதன் மேல் ஏகாரமும் இகரமும் ஒரே கூட்டம். பழைய புலவன் கைப்பட்ட மோனை அது, ஏழு வயதுப் பிள்ளை பாடும் பாட்டுக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் எந்த ஊர்ப் பெயரையாவது போட்டால் பாட்டு வெறும் பட்டியலாகிவிடும்.

அப்படியானால் மாற்றவே முடியாதா? முடியும். "மட்டுநகர் மாம்பழம்" என்று பாடிப் பாருங்கள். மட்டு, நகர், மாம், பழம். நாலு தட்டு, மோனை நிற்கிறது, நீளமும் கிட்டத்தட்ட மல்கோவாவுடையதே. ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கும் முறை இவ்வளவுதான்: முதலெழுத்து துணையோடு சேருகிறதா, தட்டு நிரம்புகிறதா. இருந்தாலும் முறை ஒன்று வேண்டும். முதலில் அவர் எழுதியபடி பாடவேண்டும், இரண்டு மூன்று நாள் அப்படியே. பிறகு "இது நாங்கள் மாற்றியது" என்று சொல்லி மாற்றியதைப் பாடலாம். சுவரில் ஒட்டும் தாளில் அவர் பெயருக்குக் கீழே அவருடைய சொல் மட்டும் இருக்கட்டும்.

மாம்பழப் பாட்டுக்கு இன்னொரு பயன். பெரும்பாலான அடிகளில் ழகரம் வருகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் 'மாம்பளம்' என்று சொல்வது வீட்டுப் பேச்சின் இயல்பு, அதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். பாட்டுக்குள் மட்டும் நாக்கு நுனியை மேலே தொடாமல் பின்னுக்கு வளைக்கச் சொல்லுங்கள். ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடும், ழகரத்தில் தொடாது. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பித் திருத்தினால் பாட்டு செத்துப்போகும். மூன்று நாள் சேர்ந்து பாடிய பிறகு பாதிப் பேருக்குத் தானாக வந்திருக்கும். மிச்சப் பேருக்குத் தரம் 3இல் வரும்.

லட்டுப் பாட்டுக்கு மற்ற இரண்டையும் விடக் கூட நேரம் ஒதுக்குங்கள். வள்ளியப்பாவின் கைவேலை முழுதாகத் தெரிவது இதில்தான். பன்னிரண்டு அடி, எல்லா அடியும் 'ட்டு' என்று முடிகிறது. தட்டில் எட்டு லட்டு, அண்ணன் கிட்டு பாதியை விட்டுப் பாதியை எடுக்கிறான், மிச்சம் தங்கை பட்டுவுக்கு, கடைசியில் தட்டு வெறும் தட்டு. எட்டைப் பாதியாக்கினால் நாலு, நாலும் நாலும் எட்டு, எட்டில் எட்டுப் போனால் ஒன்றுமில்லை. வகுத்தலும் கூட்டலும் கழித்தலும் ஒரே பாட்டில். 'ஆளுக்குப் பாதி' என்று முதல் கதைக்குப் பெயர் வைத்தவரின் பாட்டு என்று இப்போது சொல்லலாம்.

இதற்குத் தாளம் வேறு. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. வட்ட, மான, தட்டு, சும்மா. தட்டு, நிறைய, லட்டு, சும்மா. அந்தச் 'சும்மா'வில் கை விரிந்து நிற்கவேண்டும். இடைவெளியை விட்டுவிட்டுத் தொடர்ந்து தட்டினால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், ஆறாம் அடியில் குரல் இறங்கிவிடும். இடைவெளி இருந்தால் அங்கே செயல் செய்யலாம்: எட்டு விரல் காட்டலாம், லட்டை எடுக்கலாம், வாயில் போடலாம்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். முதலடி தட்டில் முடிகிறது, இரண்டாமடி தட்டில் தொடங்குகிறது. இரண்டாமடி லட்டில் முடிகிறது, மூன்றாமடி லட்டில் தொடங்குகிறது. மூன்றாமடி எட்டில் முடிய நாலாமடி எட்டில் தொடங்குகிறது. அந்தாதி. ஒரு அடியின் வாலே அடுத்த அடியின் தலை என்பதால் மறக்கவே முடியாது. நாலாமடி 'விட்டு' என்று முடிகிறது, ஐந்தாமடியோ 'எடுத்தான்' என்று தொடங்குகிறது. சங்கிலி அங்கே அறுகிறது. நாலு அடி வரை குதிரை வேகத்தில் வந்த வகுப்பு அந்த இடத்தில் நின்று, "மறுகா என்ன?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். அவர்கள் கவனக்குறைவாக இருந்ததால் அல்ல, பாட்டின் கட்டு அங்கே மாறுவதால். ஆகவே முதல் நாள் நாலு அடியோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் 'எடுத்தான்' என்ற சொல்லைத் தனியாக, கையால் எடுக்கும் செயலோடு பழக்கிவிட்டு ஐந்திலிருந்து எட்டு வரை. மூன்றாம் நாள் மிச்சம் நாலடி. ஒரே பாடவேளையில் பன்னிரண்டையும் தள்ளினால் பிள்ளைகள் ஐந்து முதல் எட்டு வரை முணுமுணுத்துவிட்டுக் கடைசியில் மட்டும் கத்துவார்கள்.

சொற்களில் இரண்டைக் கவனியுங்கள். 'மீதம்' நம் வாயில் 'மிச்சம்'. ஒரு தடவை சொன்னால் போதும். மற்றது 'காலித் தட்டு'. நமக்குக் காலி என்றால் தென்மாகாணத்தில் இருக்கும் ஊர். வெறுமையான பாத்திரத்தை 'வெறும் பாத்திரம்' என்போமே தவிரக் காலி என்பது குறைவு. "காலியில் வாங்கின தட்டா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைத் தப்பென்று சொல்லாதீர்கள், நல்ல கேள்வி. தட்டைக் கவிழ்த்துக் காட்டினால் பொருள் முடிந்தது. 'வெறும் தட்டு' என்று மாற்றிப் பாடினாலும் தாளம் உடையாது. ஆனால் அது தேவையில்லை, புதிய சொல் ஒன்று கிடைக்கிற இடத்தை ஏன் அடைக்கவேண்டும்.

லட்டை மட்டும் மாற்றாதீர்கள். தொதல், பணியாரம், கொழுக்கட்டை எல்லாம் நம் வீட்டுத் தின்பண்டம்தான், ஆனால் ஒன்றும் 'ட்டு' என்று முடியாது. கிட்டு, பட்டு, தட்டு, எட்டு எல்லாம் லட்டை நம்பி நிற்கின்றன. எட்டு என்ற எண்ணும் அப்படியே. ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள், லட்டோடு ஒலிக்கும் எண் எட்டு ஒன்றுதான். அதிலும் அது இரட்டை எண்ணாக, இரண்டு பிள்ளைக்குச் சமமாகப் பங்கு போடக்கூடியதாக அமைந்தது தமிழ் செய்த உபகாரம்.

கணக்குக்கு உண்மையான லட்டு வேண்டாம். எறும்பு வரும், பாட்டு முடியுமுன் பாதி வயிற்றுக்குள் போய்விடும். போத்தல் மூடி சேர்க்கச் சொல்லுங்கள். முப்பது பிள்ளை என்றால் பதினைந்து சோடி, சோடிக்கு எட்டு மூடி, மொத்தம் 120. இரண்டு கிழமைக்கு முன்பே சொன்னால்தான் சேரும். தட்டுக்குப் பழைய அப்பியாசக் கொப்பி மட்டையை வட்டமாக வெட்டலாம். பாடும்போதே சோடியில் ஒருவர் கிட்டு, மற்றவர் பட்டு. இங்கே வழக்கமாக வரும் பிழை: 'பாதி விட்டு' என்பதைப் பாதி எடுத்து என்று கேட்டுக்கொண்டு நாலை எடுத்துவிட்டு, மறுபடி 'எடுத்தான்' வந்ததும் மிச்ச நாலையும் கிட்டுவே அள்ளுவது. பட்டு அழும். 'விட்டு' என்ற இடத்தில் கிட்டுவின் கை நாலு மூடியைத் தங்கை பக்கம் தள்ளவேண்டும், 'எடுத்தான்' என்ற இடத்தில் தன் பக்கத்து நாலை எடுக்கவேண்டும் என்று செயலைப் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். பிறகு பாட்டில்லாமல் ஆறு மூடி, பத்து மூடி கொடுத்துப் பங்கு போடச் சொல்லலாம். ஏழு கொடுத்தால் சண்டை வரும். அதுவும் தரம் 2 கணிதம்தான்.

சுவர்த்தாள் பற்றி. டிமைத் தாளின் நீளப்பக்கம் சுமார் 22 அங்குலம். நிறுத்திவைத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் விட்டால் பன்னிரண்டு அடிக்கு 18 அங்குலம் போகும், மேலே தலைப்புக்கும் கீழே கவிஞர் பெயருக்கும் இடம் கிடைக்கும். எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் பின்வரிசைக்குத் தெரியாது. 'ட்டு'வை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். இந்தத் தாள் மூன்றாம் நாள்தான் சுவரில் ஏறவேண்டும். முதல் நாளே ஒட்டினால், வாசிக்கத் தெரிந்த ஐந்தாறு பிள்ளைகள் கண்ணால் ஓடிவிடுவார்கள், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். காதால் பாட்டு வந்த பிறகு தாளைப் பார்த்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் 'இது லட்டு' என்று விரல் வைக்கும்.

தாளம் பிடிக்காத வகுப்பு என்றால் கைதட்டை விட்டுக் கோலுக்குப் போங்கள். வசந்தன் கூத்து ஆடும் ஊர்களில் கோலடித்துப் பாடுவது பிள்ளைகளுக்குப் பழகிய விசயம். முஸ்லிம் ஊர்களில் பொல்லடி இருக்கிறது. இரண்டு சிறிய தடி, ஒரு முழத்துக்குக் குறைவாக, முனை மழுங்கியதாக இருந்தால் போதும். நாய்க்குட்டிக்கு நாலு தட்டு, லட்டுக்கு மூன்று தட்டு ஒரு நிறுத்தம். ஆளுக்கு ஒரு சோடி கொடுத்தால் வகுப்பு போர்க்களமாகும், முன்வரிசை ஆறு பேருக்கு மட்டும் கொடுத்து நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

அவருடைய மற்ற நூல்களை இந்த வயதுக்கு நீங்கள் வாசித்துக் காட்டவேண்டும். 'ஈசாப் கதைப் பாடல்கள்' கதையும் பாட்டுமாக இருப்பதால் தரம் 3க்குப் பொருந்தும். 'பாட்டிலே காந்தி கதை'யில் ஒரு பகுதியை எடுத்தால், மட்டக்களப்பு நகரில் காந்தி பூங்காவில் நிற்கும் சிலையைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆள் யார் என்று புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 'நீலா மாலா' நீண்ட கதை, தரம் 5 பிள்ளை தானாக வாசிக்கும். நேருவைப் பற்றிய பிள்ளைக்கதைகளை இங்கே எடுத்தால் முதலில் நேருவை விளக்கவே நேரம் போய்விடும், விட்டுவிடலாம்.

'நம் நதிகள்' வேறு விதம். இந்தியாவின் தேசிய புத்தக நிறுவனம் வெளியிட்டு 14 இந்திய மொழிகளுக்குப் போன நூல். அதில் வரும் ஆறுகள் நம்முடையவை அல்ல என்பதால் ஒதுக்கவேண்டாம், அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். தரம் 5 பிள்ளைகளிடம் நம் ஆறுகளைக் கொடுங்கள்: மாதுறு ஓயா, முந்தனையாறு, பட்டிப்பளை ஆறு என்று நாம் சொல்லும் கல்லோயா. எங்கே பிறக்கிறது, எந்தக் குளத்தில் தேங்குகிறது, எந்த வயலுக்குப் பாய்கிறது, எங்கே வாவியில் அல்லது கடலில் விழுகிறது. ஆளுக்கு ஓர் ஆறு, அரைப் பக்கம். இங்கினியாகலையில் தேங்கும் தண்ணீர்தான் சம்மாந்துறை வயலுக்கு வருகிறது என்று ஒரு பிள்ளை வீட்டில் கேட்டறிந்து எழுதினால் நதிப் புத்தகத்தின் நோக்கம் அங்கேயே கைகூடிவிடும்.

பிள்ளைகளைச் சொந்தமாக இரண்டடி கட்டச் சொல்லப்போகிறீர்கள் என்றால் பலகையில் ஒரு மாதிரி வையுங்கள், வள்ளியப்பாவின் அடியை வெட்டி ஒட்டவேண்டாம். உதாரணத்துக்கு:

தோணி கரை சேர்ந்தது
துள்ளும் மீனும் வந்தது

தோணி, கரை, சேர்ந், தது. நாலு தட்டு. தோவுக்குத் து மோனை. இப்போது தோணியை எடுத்து 'வள்ளம்' போடுங்கள். மோனை போய்விட்டது, ஆனால் வள்ளம், துள்ளும் என்று இரண்டாமெழுத்து ஒன்றிக்கொண்டது. அது எதுகை, பாட்டு விழவில்லை. 'படகு' போடுங்கள். மோனையும் இல்லை, எதுகையும் இல்லை, வெறும் செய்தி. மூன்றையும் வகுப்பில் பாடவிட்டு எது நல்லாயிருக்கு என்று கேட்டால், காரணம் சொல்லத் தெரியாமலே பெரும்பாலானோர் படகைக் கழித்துவிடுவார்கள். அதன் பிறகுதான் தாளைக் கொடுக்கவேண்டும். ஒரு மேசைக்கு ஒரு சோடி அடி என்று கேளுங்கள், ஆளுக்கு ஒரு பாட்டு என்று கேட்டால் பெற்றோரின் கையெழுத்துத்தான் வரும்.

வகுப்பில் பாடியதை மேடைக்குக் கொண்டுபோகும்போது ஒலிவாங்கியை ஒரு பிள்ளை வாய்க்குக் கொடுக்காதீர்கள். முழு வகுப்பும் பாடும்போது அந்த ஒரு குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும், மற்றப் பிள்ளைகள் தங்கள் சத்தம் கேட்காமல் தாளத்தை விட்டுவிடுவார்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், வரிசைக்கு ஐந்து ஆறடி முன்னே நிறுத்திவைத்தால் எல்லாக் குரலும் சேர்ந்து விழும். பாட வெட்கப்படும் பிள்ளையிடம் லட்டுப் பாட்டின் தட்டைக் கொடுங்கள். கடைசி அடியில் அதைக் கவிழ்த்துக் காட்டுகிறவர் அந்தப் பிள்ளைதான், சபையில் கைதட்டு கூட விழுவதும் அங்கேதான்.